வணிக அறம்: செட்டிநாட்டுப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் வணிகவியல் சொல்லிக்கொடுக்கிறேன். ‘பிசினஸ் எதிக்ஸ்’ தாள் என் பொறுப்பில் இருக்கிறது. சேர்க்கைக் காலத்தில் பெற்றோர், தேர்வு நெருங்கும்போது மாணவர்கள், சாமான் வாங்கப் போனால் கடைக்காரர்கள் என்று ஆளாளுக்குக் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றுக்கான பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். சிலவற்றுக்கு நாலு வரி போதும். நம் ஊர் வரலாறு குறுக்கிடும் இடங்களில் மட்டும் நின்று பேசியிருக்கிறேன். அதைத் தொடாமல் இந்தப் பாடத்தைச் செட்டிநாட்டில் நடத்துவது சரியாக இருக்காது.

“பொய் சொல்லாதே, ஏமாற்றாதே” என்று வீட்டிலேயே சொல்லித்தானே வளர்க்கிறோம்? இதில் படிக்க என்ன இருக்கிறது?

வீட்டில் சொல்லிக்கொடுப்பது அடித்தளம். அது இல்லாதவருக்கு எந்தப் பாடமும் உதவாது. ஆனால் தொழிலில் வரும் சிக்கல்கள் பெரும்பாலும் பொய்யா உண்மையா என்ற வடிவத்தில் வருவதில்லை. இரண்டு கடமைகள் ஒன்றோடொன்று மோதும்போதுதான் சிக்கலே தொடங்குகிறது.

ஒருவருக்குக் கடன் கொடுத்திருக்கிறீர்கள். மழை பொய்த்துவிட்டது, அவரால் கட்ட முடியவில்லை. விட்டுப்பிடிக்கலாம் என்று மனசு சொல்கிறது. ஆனால் நீங்கள் கொடுத்த பணத்தில் பாதி உங்களுடையது இல்லை. ஒரு விதவை உங்களை நம்பிப் போட்டு வைத்த தொகை. தவணை முடிந்தால் அவருக்கு வட்டியோடு திருப்பித் தந்தாக வேண்டும். இப்போது யாரிடம் இரக்கம் காட்டுவது, யாரிடம் கறாராக இருப்பது? இந்த மாதிரி இடத்தில் காரணத்தோடு யோசிக்கப் பழகுவதுதான் படிப்பு. தத்துவம், சட்டம், பொருளியல், உளவியல் நான்கும் இதற்குள் வரும்.

இது ஒரு பாடமாக எப்போது, எங்கே தொடங்கியது?

அறத்தோடு வாணிகம் செய்ய வேண்டும் என்ற பேச்சு எல்லா நாட்டிலும் பழையது. நம் பழந்தமிழ் நூல்களிலேயே அளவு குறையாமல் கொடுப்பதும் மிகையாகக் கொள்ளாமல் வாங்குவதும் வணிகனின் இலக்கணமாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. பல்கலைக்கழகத் துறையாக அது உருவெடுத்தது அமெரிக்காவில், 1970-களில்.

அதற்கு முன் இருபது ஆண்டுகள் நிலம் பண்பட்டுக்கொண்டிருந்தது. தொழிலதிபருக்குச் சமூகப் பொறுப்பு உண்டா என்ற கேள்வியை ஹோவர்ட் போவன் என்ற பொருளியலாளர் 1953-ல் ஒரு முழு நூலாக எழுதினார். 1961-ல் ரேமண்ட் பாம்ஹார்ட் என்ற ஏசுசபைப் பாதிரியார் நிர்வாகிகளிடமே கேள்வித்தாள் கொடுத்து, அவர்கள் எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்று கேட்டுப் பார்த்தார். 1970-ல் மில்டன் ஃப்ரீட்மன், சட்டத்துக்கும் விளையாட்டு விதிகளுக்கும் உட்பட்டு லாபம் ஈட்டுவதுதான் நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு என்று நாளிதழ்க் கட்டுரை ஒன்றில் வாதிட்டார். எதிர்ப்பதற்கு அவ்வளவு தெளிவான ஒரு வாதம் கிடைத்தது இந்தத் துறைக்குப் பெரிய உதவி என்றே நினைக்கிறேன். இன்றும் முதல் வகுப்பை அந்தக் கட்டுரையில்தான் தொடங்குகிறேன். பாதி வகுப்பு அவர் பக்கம் நிற்கும், நிற்கவும் வேண்டும்.

1974-ல் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் நடந்த மாநாட்டைத் துறையின் பிறப்பாகப் பலர் குறிக்கிறார்கள். தத்துவப் பேராசிரியர்களும் மேலாண்மைப் பேராசிரியர்களும் அங்கே ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். அடுத்த பத்தாண்டுக்குள் வேலை வேகமாக நடந்தது. 1979-ல் வகுப்புக்கான தொகுப்பு நூல்கள் வந்தன. 1982-ல் ரிச்சர்ட் டி ஜார்ஜ், மானுவல் வெலாஸ்கஸ் ஆகியோரின் பாடநூல்கள் வெளிவந்தன, துறைக்கென்று தனி ஆய்விதழும் தொடங்கியது. 1984-ல் எட்வர்ட் ஃப்ரீமன், முதல் போட்டவருக்கு மட்டுமல்லாமல் நிறுவனத்தால் பாதிக்கப்படும் எல்லோருக்கும், அதாவது தொழிலாளி, வாடிக்கையாளர், சரக்கு தருபவர், ஊர்மக்கள் என்று அத்தனை பேருக்கும் நிர்வாகம் பதில் சொல்ல வேண்டும் என்ற கோட்பாட்டை விரித்து எழுதினார். அதே ஆண்டு டிசம்பர் 2 நள்ளிரவுக்கு மேல் போபாலில் விஷவாயு கசிந்தது. ஊர்மக்கள் ஏன் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும் என்று அதற்குமேல் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஊழல் வெளியே வந்தால்தான் சட்டம், சட்டம் வந்தால்தான் பாடம் என்பது உண்மையா?

பெருமளவு உண்மை. லாக்ஹீட் விமான நிறுவனம் பல நாட்டு அதிகாரிகளுக்குக் கையூட்டு கொடுத்தது 1970-களின் நடுவில் அம்பலமானது; 1977-ல் வெளிநாட்டு லஞ்சத்துக்கு எதிரான சட்டத்தை அமெரிக்கா கொண்டுவந்தது. 1991-ல் நிறுவனங்களுக்கான தண்டனை நெறிமுறை வந்தபோது, உள்ளுக்குள் முறையான கண்காணிப்பு ஏற்பாடு வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அபராதம் குறையும் என்றார்கள். உடனே ‘எதிக்ஸ் ஆபீசர்’ என்ற வேலையே புதிதாக உருவானது. 2001-ல் பொய்க்கணக்கு காட்டிய என்ரான் என்ற அமெரிக்க நிறுவனம் கவிழ்ந்தது, 2002-ல் தணிக்கைச் சட்டம் கடுமையானது.

இந்த வரிசையில் ஒரு குறை உண்டு. அடி விழுந்த பிறகே விழித்துக்கொள்ளும் துறை, நேற்றைய தவறைப் பிடிப்பதில்தான் கெட்டிக்காரத்தனம் காட்டும்.

நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வணிகத்தில் இதெல்லாம் பாடம் இல்லாமலே நடைமுறையில் இருந்தது என்கிறார்களே?

இருந்தது. புகழ்ச்சிக்காகச் சொல்லவில்லை, ஏடுகளில் தெரிகிறது.

தெரிந்த ஒரு வீட்டில் பழைய பேரேடு ஒன்றைப் புரட்டிப் பார்க்க அனுமதித்தார்கள். மேலே பிள்ளையார் சுழி, அதன் கீழே ‘சிவமயம்’. முதல் கணக்கு மனிதர் பெயரில் இல்லை. பிள்ளையார் பெயரில் இருக்கிறது. மகமையாக, அதாவது அறப்பணிக்கென்று, ஒதுக்கிய தொகை அந்தக் கணக்கில் வரவு, அதற்கு வட்டியும் ஏறுகிறது. முதலாளியே சாமிக்குக் கடன்காரராக உட்கார்ந்திருக்கிறார். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் வருகிறார்கள், ஒவ்வொருவரும் தத்தம் விலாச எழுத்துகளோடு (குடும்பப் பெயர்களின் முதலெழுத்துகள்), தமிழ் எண்களில் பற்றும் வரவுமாக. அடித்தல் திருத்தல் தேடினேன். ஒரே ஓர் இடத்தில் அடித்து எழுதியிருந்தது, பக்கத்தில் காரணம் இருந்தது.

ஏட்டுக்கு வெளியே இருந்த ஏற்பாடுகள் இன்னும் சுவாரசியமானவை. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் பார்க்க, போகும் ஏஜெண்டு பொதுவாக மூன்று ஆண்டுத் தவணைக்குப் போவார். சம்பளம் முதலிலேயே சீட்டில் எழுதப்படும். ஒரு பகுதி முன்பணமாக வீட்டுக்குத் தரப்படும். கப்பலில் போய்ச் சேர வேண்டிய ஊரில் முதலாளி பக்கத்தில் இல்லை. இவர் கையில் பெட்டிச் சாவி. ஆனால் கணக்கு ஊருக்கு வந்துகொண்டே இருக்கும், தவணை முடிந்ததும் அடுத்து வருபவர் ஏட்டை வாங்கி ஒவ்வொரு கடனையும் சரிபார்ப்பார். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, மேலாளாகி, ஏஜெண்டாகி, கொஞ்சம் முதல் சேர்ந்ததும் சொந்தமாகத் தொழில் தொடங்குவதுதான் வளர்ச்சி. நம்பிக்கை கெட்டவருக்கு அந்த ஏணியில் அடுத்த படி கிடையாது.

வட்டியும் ஒருவர் இஷ்டம் இல்லை. ரங்கூனில் கோயிலில் கூடி மாதத்துக்கு ஒருமுறை ‘நடப்பு வட்டி’ நிர்ணயிப்பார்கள். தங்களுக்குள் கொடுக்கல் வாங்கலுக்கு அதுதான் விகிதம். சிங்கப்பூர் டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் 1859-ல் எழுந்தது. இப்படிப் போன இடமெல்லாம் கட்டிய கோயில்கள் வழிபாட்டுக்கு மட்டும் பயன்படவில்லை. வழக்கு பேசுவதும் தீர்ப்பதும் அங்கேதான். ஒன்பது நகரக் கோயில்களில் ஒன்றைச் சேர்ந்தவராக இருப்பதே ஒருவருக்கு அடையாளச் சீட்டு. ஏமாற்றினால் பணம் மட்டும் போகாது, பெண் கொடுக்க எடுக்க ஆள் இருக்காது. வீட்டுப் பெண்களின் சீதனப் பணமும் கடைகளில் (வட்டித்தொழில் நடத்தும் நிறுவனங்களில்) கணக்காகி வட்டி சேர்ந்துகொண்டிருந்ததால், ஒரு கடை முறிந்தால் ஆச்சிமார் பலரின் கையும் சேர்ந்து முறியும்.

இன்றைய ஆய்வாளர்கள் நற்பெயர், பரஸ்பரக் கண்காணிப்பு, சமூகத் தண்டனை என்று தலைப்புப் போட்டு எழுதும் மூன்றும் இதில் இருக்கின்றன.

அப்படியென்றால் பர்மாவில் விவசாயிகளின் நிலம் நகரத்தார் கைக்குப் போனதற்கு என்ன பதில்?

மாணவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி இது. தயங்க வேண்டாம். என்னைப் பொறுத்தவரை, வணிக அறத்தின் முழுச் சிக்கலும் இந்த ஒரு வரலாற்றில் அடங்கியிருக்கிறது.

1852-ல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்ததும் ஐரோப்பாவுக்கு அரிசி ஏற்றுமதி பெருகியது. ஐராவதி முகத்துவாரத்துக் காட்டை வெட்டி வயலாக்க விவசாயிக்குப் பணம் வேண்டும். ஆங்கிலேய வங்கிகள் அவனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நம்மவர்கள் கொடுத்தார்கள், நிலத்தை அடமானமாக வைத்துக்கொண்டு. அங்கிருந்த மற்ற வட்டிக்காரர்களோடு ஒப்பிட்டால் செட்டியார் வட்டி குறைவு. 1929-30-ல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு அமைந்து அறிக்கை தந்தபோது, அந்த நாட்டு விவசாயக் கடன் அமைப்பே இவர்கள் மேல் நிற்கிறது என்பதை ஒப்புக்கொண்டது.

அதே நேரத்தில் உலகப் பெருமந்தம் வந்தது. நெல் விலை ஒன்றிரண்டு ஆண்டுகளில் பாதிக்கும் கீழே போனது. விவசாயியால் அசலும் கட்ட முடியவில்லை, வட்டியும் கட்ட முடியவில்லை. அடமான நிலங்கள் கைமாறின. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-ல் சாகுபடி நிலத்தில் 6 சதவீதம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1936-க்குள் அது 25 சதவீதமானது.

இதை இரண்டு பக்கமும் நின்று பார்க்கச் சொல்வேன். கடைக்காரருக்கு நிலம் வேண்டாம். அவருக்கு வேண்டியது சுழலும் பணம், ஏனென்றால் ஊரில் தவணைக்குப் பணம் போட்டவர்களுக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். நிலம் வந்தது அவருக்கு நஷ்டம்தான். ஒப்பந்தப்படி அவர் ஒரு தவறும் செய்யவில்லை. மறுபக்கம், தன் தகப்பன் வெட்டித் திருத்திய வயலில் ஒரு பர்மிய விவசாயி குத்தகைக்காரனாக நிற்கிறான். நிலத்தின் சொந்தக்காரரோ கடல் தாண்டிக் கானாடுகாத்தானிலோ தேவகோட்டையிலோ இருக்கிறார். 1930-லும் 1938-லும் இந்தியர்களுக்கு எதிராகக் கலவரம் வெடித்தது. 1942-ல் ஜப்பானியப் படை வந்தபோது ஏட்டைக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்கள். 1948-ல் நில தேசியமயச் சட்டம், 1963-லிருந்து வங்கியும் வணிகமும் தேசியமயம். போட்டதெல்லாம் போனது.

வட்டத்துக்குள் இவ்வளவு கறாராக நின்ற நேர்மை, வட்டத்துக்கு வெளியே இருந்தவனைக் கணக்கில் ஒரு பெயராக மட்டுமே வைத்திருந்தது. கோயிலில் கூடி வட்டி நிர்ணயித்தபோது அந்தக் கூட்டத்தில் அவனுக்கு இடமில்லை. நடப்பு வட்டி நமக்குள். அவனுக்கு வேறு வட்டி. தனி மனிதர்களின் பேராசை என்று இதை ஒதுக்கவும் முடியாது, காலனிய ஆட்சி செய்த குற்றம் என்று முழுவதும் தள்ளிவிடவும் முடியாது. யார் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்ற எல்லைக்கோடு எங்கே போடப்பட்டது என்பதுதான் கேள்வி. ஃப்ரீமன் 1984-ல் எழுதியதை விளக்க எனக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் வேறு கிடைக்கவில்லை.

மலாயாவில் ஆங்கிலேய அரசு 1913-லேயே மலாய்க்காரர் நிலத்தை மற்றவர்களுக்கு விற்கத் தடைபோட்டது. பர்மாவில் அப்படி ஒரு தடை உரிய காலத்தில் வரவில்லை. இங்கே சென்னை மாகாணத்தில் 1938-ல் ராஜாஜி அரசு விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. அறம் தன் கையால் செய்ய முடியாததைச் சட்டம் செய்ய வேண்டியிருந்த இடங்கள் இவை.

அந்தப் பழைய ஒழுங்கு ஏன் நிலைக்கவில்லை?

அது நிலைத்திருந்தது முகம் தெரிந்தவர்களுக்கிடையில். கூட்டுப்பங்கு வங்கி வந்ததும் முகம் தெரியாதவர் பணம் வந்து குவிகிறது. 1906-ல் சென்னையில் அர்பத்நாட் வங்கி முறிந்து நூற்றுக்கணக்கான குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. அந்த அடியிலிருந்து 1907-ல் இந்தியன் வங்கி பிறந்தது, அதில் நகரத்தார் முதலும் பங்கெடுத்தது. 1937 பிப்ரவரி 10-ல் மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடத்திலும் ஒரே நேரத்தில் தொடங்கினார். இந்த வங்கிகளில் பணம் போடுபவர் ஏஜெண்டின் குலம் கோத்திரம் கேட்பதில்லை, தணிக்கை அறிக்கையைக் கேட்கிறார். கோயில் செய்த வேலையை ரிசர்வ் வங்கியும் தணிக்கையாளரும் செய்ய வேண்டிய காலம் வந்துவிட்டது. சாதியால் கட்டிய நம்பிக்கை திரும்பி வர வேண்டும் என்று நான் ஆசைப்படவில்லை. பிறப்பால் உள்ளே இருந்தவருக்கு மட்டும் கிடைத்த நம்பிக்கை அது.

கோயில் கட்டினார்கள், கல்லூரி கட்டினார்கள். அதுவே வணிக அறம் இல்லையா?

கொடை வேறு, வணிக அறம் வேறு. சம்பாதித்ததை எப்படிச் செலவழித்தார் என்பது ஒன்று, எப்படிச் சம்பாதித்தார் என்பது இன்னொன்று. இரண்டையும் கலக்கக் கூடாது. ஆனால் கொடையைச் சின்னதாகவும் நினைக்கக் கூடாது. கோட்டையூரில் பிறந்த அழகப்பச் செட்டியார் 1947-ல் கல்லூரி தொடங்கினார். அடுத்து மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வர 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலையில் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். நானும் என் மாணவர்களும் இந்த ஊரில் படித்து நிற்பதற்கு அந்தக் கொடை ஒரு காரணம். நன்றியோடு சொல்கிறேன்.

இப்போது கொடை சட்டத்துக்குள்ளும் வந்துவிட்டது. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுவரவு 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகிய மூன்றில் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். 2014 ஏப்ரலிலிருந்து நடைமுறை. இதை மகமையின் பேரன் என்று சிலர் சொல்கிறார்கள். மகமை லாபம் வருமுன்னே ஒதுக்கப்பட்டு ஏட்டில் முதல் கணக்காக நின்றது. இது லாபம் கண்ட பிறகு வருகிறது. பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை கட்டிக்கொடுத்துவிட்டு, சொந்த ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளிக்கு வருங்கால வைப்புநிதி கட்டாத நிறுவனத்தை இந்தப் பிரிவு எதுவும் கேட்காது.

இந்தியாவில் பாடமாக எப்படி வந்தது?

கொல்கத்தா ஐஐஎம்மில் 1995-ல் மனித விழுமியங்களுக்கான மையம் தொடங்கியது ஒரு முக்கியமான படி. பெரும்பாலான கல்லூரிகளில் பாடத்துக்கு உயிர் வந்தது 2009 ஜனவரி 7-க்குப் பிறகு. சத்யம் என்ற மென்பொருள் நிறுவனத்தின் தலைவர் தன் கணக்கில் காட்டிய பணத்தில் 5,000 கோடிக்கு மேல் இல்லவே இல்லை என்று கடிதம் எழுதிய நாள் அது. அதற்கு முந்தைய ஆண்டுதான் அந்த நிறுவனம் நல்ல நிர்வாகத்துக்கு விருது வாங்கியிருந்தது. பெயர்பெற்ற பேராசிரியர் ஒருவரும் இயக்குநர் குழுவில் இருந்தார். விருதும் படிப்பும் பேரேட்டுக்கு மாற்று ஆகாது என்பதை வகுப்பில் விளக்க இந்த ஒரு வழக்கு போதும்.

வகுப்பில் சொன்னால் ஆள் மாறிவிடுவானா?

கெட்டவனை நல்லவனாக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். நல்லவன் எப்படித் தவறுகிறான் என்று காட்ட முடியும். அதற்கு டென்னிஸ் ஜியோயா கதையை எப்போதும் சொல்வேன். 1970-களின் தொடக்கத்தில் ஃபோர்டு நிறுவனத்தில், குறையுள்ள கார்களைத் திரும்ப அழைக்கும் முடிவை ஒருங்கிணைக்கும் வேலையில் இருந்த இளைஞர் அவர். பின்பக்கம் மோதினால் தீப்பிடிக்கும் பின்டோ காரின் கோப்பு அவர் மேசைக்கு வந்தது. எரிந்துபோன காரைக் கண்ணாலும் பார்த்தார். திரும்ப அழைக்கத் தேவையில்லை என்று முடிவெடுத்தவர்களில் அவரும் ஒருவர். பிறகு வேலையை விட்டுப் பேராசிரியரானார். 1992-ல் அதைப் பற்றி ஆய்வுக் கட்டுரையே எழுதினார். தினமும் வந்து குவியும் கோப்புகளைத் தள்ள மனசு ஒரு வாய்ப்பாடு போட்டு வைத்திருந்தது. ‘இது அறம் சார்ந்த விஷயம்’ என்ற எண்ணமே அந்த வாய்ப்பாட்டுக்குள் எழவில்லை என்கிறார்.

கெட்ட எண்ணம் இல்லாமலே பெரிய தீங்கு நடக்கும். அலுவலகத்து அவசரமும் இலக்கும் மேலதிகாரியின் முகமும் அதற்குப் போதும். இருபது வயதில் இதைக் கேட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர் ஒரு நிமிடமாவது நின்று யோசிப்பார் என்ற நம்பிக்கையில்தான் நான் பாடம் நடத்துகிறேன்.

காரைக்குடியில் சின்னதாகத் தொழில் செய்கிறவனுக்கு இதில் என்ன இருக்கிறது?

பெரிய நிறுவனத்துக்கு இருப்பதைவிட அதிகமாகவே இருக்கிறது. நம் ஊர்த் தொழில்கள் பெயரை நம்பி நிற்பவை.

ஆத்தங்குடியில் கையால் செய்யும் தரைக்கல்லான ஆத்தங்குடிக் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடித் தட்டின் மேல் சட்டத்தை வைத்து, வார்ப்பு அச்சுக்குள் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அச்சைத் தூக்கி, அதன் மேல் மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, காய்ந்தபின் தண்ணீர்த் தொட்டியில் நாள்கணக்கில் ஊறவைத்து எடுப்பார்கள். கையால் செய்வதால் ஒரு கல்லின் பூ இன்னொன்றோடு அச்சு அசலாக ஒத்துப்போகாது. வேறெங்கோ இயந்திரத்தில் அச்சடித்த வழவழப்பான டைலை ‘ஆத்தங்குடி டிசைன்’ என்று சொல்லி விற்பது தப்பில்லை. ‘ஆத்தங்குடிக் கல்’ என்று சொல்லி விற்றால் அது அந்தப் பட்டறையில் குனிந்து உட்கார்ந்திருப்பவரின் கூலியில் கை வைப்பது. கண்டாங்கிச் சேலைக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீட்டைக் காப்பாற்றுவது தறிக்காரர் மட்டும் செய்யக்கூடியது இல்லை. விற்கும் கடைக்காரர் கையில்தான் பாதி இருக்கிறது.

முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் வாங்கி விற்பவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி வேறு. ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் முப்பது பேர் இருப்பார்கள்; சென்னையில், சிங்கப்பூரில், அமெரிக்காவில். ஊரில் இருக்கும் ஒருவர் நிலைக்கதவையோ பர்மாத் தேக்குத் தூணையோ விற்க வருகிறார். மற்றவர்களுக்குத் தெரியுமா என்று கேட்காமல் வாங்குவது சட்டத்துக்குத் தப்பலாம், அறத்துக்குத் தப்பாது. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருளை நாட்டைவிட்டு வெளியே அனுப்ப 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடை போட்டிருக்கிறது என்பதையும் வாங்க வரும் வெளிநாட்டுக்காரரிடம் விற்பவரே சொல்லிவிட வேண்டும்.

பலகாரக் கடைக்காரர்களுக்கு: முறுக்கும் சீடையும் சுட்ட எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதற்கு அளவு உண்டு. எண்ணெயில் துருவச் சேர்மங்கள் (காய்ச்சக் காய்ச்ச எண்ணெய் கெட்டு உருவாகும் பொருள்கள்) 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018-லிருந்து விதி. சட்டியில் நுரை கட்டிப் புகைவதைச் சுடும் ஆச்சி பார்க்கிறார். பொட்டலம் வாங்குகிறவர் பார்ப்பதில்லை. தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் நடுவில் உள்ள இந்த இடைவெளியைப் பற்றித்தான் பாதிப் பாடப்புத்தகம் எழுதப்பட்டிருக்கிறது.

சரக்குக் கொடுத்துவிட்டுப் பணத்துக்கு அலைகிற பட்டறைக்காரர்களுக்கும் ஒன்று: பதிவுபெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தராவிட்டால் வாங்கியவர் அந்தச் செலவை அந்த ஆண்டு வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாதபடி 2024-லிருந்து விதி மாறியிருக்கிறது. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

மகளிர் குழுக் கடன்களைப் பற்றி இந்தப் பாடம் என்ன சொல்கிறது?

பர்மாவைப் படித்தவர் இதைக் கண்ணைத் திறந்துகொண்டு பார்ப்பார். வங்கி கொடுக்காத இடத்தில் குறுங்கடன் நிறுவனங்கள் கொடுக்கின்றன. கந்துவட்டியைவிட வட்டி குறைவு. எல்லாம் கையெழுத்துப்படி நடக்கிறது. ஆந்திராவில் 2010-ல் ஒரு குறுங்கடன் நிறுவனம் பங்குச்சந்தையில் இறங்கிப் பெரும்பணம் திரட்டிய சில மாதங்களுக்குள், வசூல் நெருக்கடியில் தற்கொலைகள் நடக்கின்றன என்று அரசு அவசரச் சட்டம் போட்டது.

ரிசர்வ் வங்கியின் 2022 விதிகள் தெளிவானவை. ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு ஈடு இல்லாமல் தர வேண்டும். எல்லாக் கடனுக்கும் சேர்த்துக் கட்டும் தவணை குடும்ப மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கடன்காரரைக் கூப்பிடக் கூடாது. ஆனால் சாக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் தவணை நாளன்று நீங்களே பார்க்கலாம். ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்ற ஒன்பது பேரும் அவள் வீட்டுத் திண்ணையில் உட்காருவார்கள். வசூலிப்பவர் அதட்டவே மாட்டார், அவருக்குத் தேவையும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரியை வசூல்காரியாக்குவதில் ஓர் அநியாயம் இருக்கிறது. அதை எந்த விதியும் இன்னும் சரியாகத் தொடவில்லை. ஏற்கெனவே மூன்று குழுவில் கடன் இருக்கும் அம்மாவுக்கு நாலாவது கடன் கொடுக்கும் களப்பணியாளர் பெரும்பாலும் நம் பழைய மாணவர்தான். இலக்கு அவர் தலையில் இருக்கிறது. அவரிடம் மட்டும் அறம் பேசிவிட்டு, இலக்கு வைத்தவரை விட்டுவிடக் கூடாது.

பில் போட்டால் ஒரு விலை, போடாவிட்டால் ஒரு விலை. பத்திரத்தில் ஒரு தொகை, கையில் ஒரு தொகை. ஊரே இப்படி இருக்கும்போது நான் மட்டும் என்ன செய்வது?

இரண்டாம் நம்பர் கணக்கு வைத்திருப்பவரின் தூக்கம் எப்படி இருக்கும் என்று அவரையே கேளுங்கள். நடைமுறை யோசனை ஒன்றுதான்: முதலில் உங்கள் கையில் முழுக்க இருப்பதைச் சரிசெய்யுங்கள், அதாவது எடை, கூலி, பில். பிறர் கை சேர்ந்த விஷயங்களில் சங்கமாகச் சேர்ந்து பேசுங்கள். தனியாக நின்ற கடைக்காரர் தோற்கலாம். வணிகர் சங்கமே “லஞ்சம் தருவதில்லை” என்று தீர்மானம் போட்டால் கேட்கிறவர் யோசிப்பார்.

வேலை பார்க்கும் இடத்தில் தவறு நடக்கிறது. சொன்னால் வேலை போய்விடும். என்ன செய்யட்டும் சார்?

என்னிடம் வரும் கேள்விகளில் மனதை மிகவும் வருத்துவது இதுதான். வீரமாகப் போய்ச் சொல் என்று யாருக்கும் நான் சொல்வதில்லை. அவர் வீட்டு அடுப்பை எரிப்பது நான் இல்லை. பட்டியலிட்ட நிறுவனம் என்றால் புகார் தெரிவிக்க உள் ஏற்பாடு இருக்க வேண்டும் என்று 2013 கம்பெனிகள் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. முதலில் அதைப் பாருங்கள். பாலியல் தொல்லை என்றால் பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் எந்த இடத்திலும் உள்குழு இருந்தாக வேண்டும், ஜவுளிக்கடையும் அதில் சேர்த்திதான். நாள், நேரம், யார் என்ன சொன்னார் என்று அன்றன்றே எழுதி வையுங்கள். பொய்க்கணக்கில் கையெழுத்து மட்டும் போடாதீர்கள். முதலாளி கைவிட்டாலும் கையெழுத்து உங்களை விடாது.

இந்தத் துறையில் ஆய்வு செய்ய ஆசை. செட்டிநாட்டில் இருந்துகொண்டு எதை எடுக்கலாம்?

அமெரிக்க வழக்குகளையே திரும்ப எழுத வேண்டாம். பூட்டிக் கிடக்கும் வீடுகளில் பேரேடுகள், சம்பளச் சீட்டுகள், ரங்கூனிலிருந்து வந்த கடிதங்கள் கரையானுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. வீடு இடிக்கும்போது மரத்துக்கு விலை பேசுகிறார்கள், காகிதம் எடைக்குப் போகிறது. குடும்பத்தாரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிப் படம் பிடியுங்கள். பழைய கணக்கெழுத்தைப் படிக்கத் தெரிந்த கணக்கப்பிள்ளைகள் ஒரு சிலரே மிச்சம். அவர்களிடம் முதலில் போங்கள். கண்டாங்கி நெய்பவர்கள், கல் பட்டறைக்காரர்கள், பலகாரம் சுடும் பெண்கள் ஆகியோரின் கூலி எப்படித் தீர்மானமாகிறது என்று பார்த்து எழுதினால் அதுவும் நல்ல ஆய்வு.

ஏடுகளை வைத்து எழுதும்போது ஒன்றில் கவனம் வேண்டும். முதலாளி வீட்டார் தங்கள் பெயரைப் போடலாம் என்று பெருந்தன்மையோடு சொல்வார்கள். கடன் வாங்கியவர்களின் பெயரும் ஊரும் அதே ஏட்டில் இருக்கும். உள்ளூர்க் கடனாக இருந்தால் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கலாம். அவர்களிடம் அனுமதி வாங்காதவரை அந்தப் பெயர்களை மறைத்தே எழுதுங்கள். முடிந்தால் அந்த வீடுகளுக்கும் போய், அந்தக் கடனைப் பற்றி அவர்கள் குடும்பத்தில் என்ன சொல்லிக்கொண்டார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.